கூடாரத்துக்காரன் கையெழுத்து



போன மாதம் எங்கள் தெருவில் நடந்த வீட்டுக்கூட்டத்தில், கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "அங்கிள், இந்த உலகத்துல நாம பரதேசிங்கன்னு எல்லாக் கூட்டத்துலயும் சொல்றோம். பரதேசி எப்படி வோட்டுப் போடறது? ஊர் விஷயத்துல நாம தலையிடலாமா, கூடாதா?" பாஸ்டர் ஐயா என் பக்கம் திரும்பி, "பெரியவர் சொல்லுவார்" என்று சிரித்தார். நானும் ரோமர் 13-ம் அதிகாரத்தைக் காட்டி, அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தம்பி உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதே கேள்விக்கு என் ஜீவியத்தில் நான் இரண்டு பதில் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று நேர் எதிரான பதில்கள். அதை அந்தப் பிள்ளையிடம் மறைத்துவிட்டேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

கூடாரம் நமக்குப் புதிதல்ல. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்நாட்களில் கன்வென்ஷன் என்றால் மைதானத்தில் கீற்றுப் பந்தல், கீழே மணல், மேலே டியூப்லைட். பாய், தலையணை, கூஜா, பிள்ளைகுட்டிகளோடு மூன்று நாலு நாள் அங்கேயே தங்கிவிடுவோம். ரயில்வே கலாசியும் அந்த மணலில்தான் உட்காருவார், அவருடைய ஆபீசரும் அதே மணலில்தான். மழை வந்தால் எல்லார் தலையிலும் ஒழுகும். ஆபிரகாம் கூடாரங்களிலே குடியிருந்ததைப் பிரசங்கியார் எபிரெயர் 11-லிருந்து சொல்லும்போது, பந்தலில் இருந்த நமக்குத் தனியாக விளக்கம் தேவைப்பட்டதில்லை. அமெரிக்காவிலும் இப்படி ஒரு பழைய வழக்கம் உண்டு. 1801 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் ஆயிரமாயிரமாக ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, கூடாரமடித்து, நாள்கணக்கில் தேவனை ஆராதித்தார்கள். 'கேம்ப் மீட்டிங்' என்ற வழக்கம் அந்தத் தேசமெங்கும் பரவ அது ஒரு பெரிய காரணம்.

அந்தத் தேசத்தில் கூடாரத்தில் படுக்கும் சிலாக்கியம் எனக்கும் கிடைத்தது. 2019 ஜூனில் அட்லாண்டாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்குக் 'கேம்பிங்' போகலாம் என்று மகன் அழைத்துப்போனான். டென்னசி, வட கரோலினா இரண்டு மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் காட்டுமலை அது. காசு கொடுத்துத் தரையில் படுக்கிறதா என்று என் மனைவி முணுமுணுத்தாள். போனபிறகு அவளுக்குத்தான் அதிக சந்தோஷம். ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஓர் இடம், நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். சாப்பாட்டுப் பொருள் எதையும் வெளியே வைக்கக் கூடாது, கரடி வரும், காருக்குள் பூட்டி வைக்க வேண்டும். விறகுகூட வெளியிலிருந்து நம் இஷ்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. பூச்சி வராதபடி சூடேற்றி முத்திரை போட்ட விறகுதான் எரிக்கலாம். நம்ம ஊரில் ஏரியையே காப்பாற்ற ஆளில்லை, இவர்கள் விறகுக்கு இவ்வளவு பார்க்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பக்கத்து இடத்தில் அலபாமாவிலிருந்து வந்த வயதான தம்பதி. அவர்கள் கூடாரத்தில் அல்ல, வீட்டையே சக்கரத்தில் வைத்தது போன்ற ஒரு வண்டியில் இருந்தார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. வண்டிக்குப் பின்னால் தேசக்கொடி, அதன் கீழே கட்சி ஸ்டிக்கர், பக்கத்தில் வேதவசன ஸ்டிக்கர். முதல் நாள் ராத்திரி கொட்டிய மழையில் எங்கள் கூடாரம் சரிந்துவிட்டது. மகன் ஆணிகளைச் சரியாக அடிக்கவில்லை. (கம்ப்யூட்டர் வேலைக்காரன், அவனை என்ன சொல்ல?) நாங்கள் கூப்பிடுமுன்பே அந்தச் சகோதரன் சுத்தியலும் தார்ப்பாயுமாக வந்து நின்றார். என் மனைவியையும் பேரனையும் தன் வண்டிக்குள் அனுப்பி, அவருடைய மனைவி அவர்களுக்குச் சூடாகக் குடிக்கக் கொடுத்து, தன் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். கறுத்த தோலுள்ள அந்நியர் நாங்கள். அதை அவர்கள் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. இதை முதலில் எழுதுகிறேன். பிறகு எழுதப்போவதை வைத்து யாரும் அந்த மனுஷரைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது.

காலையில் காபியோடு உட்கார்ந்தோம். கைகோத்து ஜெபித்தோம். நானும் பெந்தெகொஸ்தே விசுவாசி என்று தெரிந்ததும் அவருக்கு ஆனந்தம். பிறகு அரசியல் பேசினார். குடும்பம் குலைகிறது, பள்ளியில் ஜெபம் இல்லை, பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். அநேக காரியங்களுக்கு என் உள்ளம் ஆமென் என்றது. கடைசியில், இது கிறிஸ்தவ தேசம், எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள், நாங்கள் இதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அங்கே என் ஆமென் தொண்டையில் நின்றுவிட்டது.

ஏனென்று அவருக்குச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. உங்களுக்குச் சொல்லுகிறேன். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் நாம் ஆறு பேர். இந்தியா முழுக்கப் பார்த்தால் நூறுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். இது எங்கள் தேசம், எங்களிடமிருந்து போய்விட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்ற அதே வார்த்தைகளை நான் தாம்பரத்தில் கேட்டிருக்கிறேன். மதத்தின் பெயர் மட்டும் வேறு. அதைக் கேட்டு நெஞ்சு படபடக்க வீட்டுக்கு வந்து ஜெபித்தவன் நான். அங்கே பயம் தந்த வார்த்தை, இங்கே என் சகோதரன் வாயிலிருந்து வந்தால் இனிக்குமா?

அன்று மத்தியானம் கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனோம். 1827-ல் ஏற்பட்ட ஒரு பாப்டிஸ்ட் சபையின் பழைய மரக்கட்டடம் அங்கே நிற்கிறது. பெஞ்சுகள் வெறுமையாக இருக்கின்றன. தேசப் பூங்கா உண்டாக்கினபோது அங்கே குடியிருந்தவர்களில் அநேகர் நிலத்தை விட்டுப் போக நேர்ந்தது. 1860-களில் நடந்த உள்நாட்டு யுத்தத்தின்போது அந்தச் சபை சில வருஷம் மூடிக்கிடந்ததாம். சபையார் மத்திய அரசின் பக்கம், சுற்றிலும் கலகக்காரர்கள் பலம். அரசியல் வேண்டாம் என்று ஒரு சபை மலைக்குள் ஒதுங்கினாலும், அரசியல் அதைத் தேடி வந்துவிடுகிறது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்தோத்திரம் பண்ணினேன்.

பாப்டிஸ்டுகளுக்கு முன்பு அந்த மலைகள் யாருடையவை? செரோக்கி என்னும் பூர்வகுடிகளுடையவை. 1838-ல் படைவீரரைக் கொண்டு செரோக்கிகளைத் தென்கிழக்கிலிருந்து துரத்தி மேற்கே ஓக்லஹோமாவுக்கு நடத்திப்போனார்கள். ஏறக்குறைய 4,000 பேர் அதில் செத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. துரத்தினவர்களில் அநேகர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவர்கள்தான். ஆனால் சாமுவேல் உஸ்டர் என்ற மிஷனெரியும் அந்தக் காலத்தில் இருந்தார். செரோக்கிகள் நடுவில் இருக்க வேண்டுமானால் ஜார்ஜியா மாநிலத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்து லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவர் மாட்டேன் என்றார். 1831-ல் நாலு வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். 1832-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியும் உடனே விடவில்லை. 1833 ஜனவரியில்தான் வெளியே வந்தார். பிற்பாடு செரோக்கிகளோடு தானும் மேற்கே போய், அவர்கள் பாஷையில் வேதத்தை மொழிபெயர்க்கிற வேலையைத் தொடர்ந்து, 1859-ல் அங்கேயே மரித்தார். அது அவருடைய ஜாதியின் வழக்கல்ல. அவருக்கு ஒரு சென்ட் நிலமும் அதில் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பினபின் இவைகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். வர்ஜீனியாவில் ஜெரி ஃபால்வெல் என்று ஒரு பெரிய பாப்டிஸ்ட் போதகர் இருந்தார். 1965 மார்ச்சில், கறுப்பின ஜனங்கள் மார்ட்டின் லூதர் கிங்கோடு வோட்டுரிமைக்காக நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், அவர் ஒரு பிரசங்கம் பண்ணினார். ஊழியக்காரன் ஆத்துமாக்களை ஆதாயம் பண்ண அழைக்கப்பட்டவன், அரசியல் பண்ண அல்ல என்பது அதன் சாராம்சம். கேட்க எவ்வளவு ஆவிக்குரியதாக இருக்கிறது! அதே மனிதர் 1979-ல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பை உண்டாக்கி, கிறிஸ்தவர்களைக் கன்சர்வேடிவ் அரசியலுக்குள் அணி அணியாகக் கொண்டுபோனார். 1965-ல் பேசினது தவறு என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டதாகவும் வாசித்தேன். பிறத்தியான் உரிமை கேட்டபோது போதகர் பரதேசி, தன் காரியம் வந்தபோது பிரஜை. இதை வாசித்து, "பாத்தியா இந்த அமெரிக்காக்காரங்கள" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க மட்டும் என்னவாம்? தலைமை ஆசிரியர் சார் பேப்பர் கொண்டாந்தப்போ என்ன சொன்னீங்க?" என்றாள்.

பிரியமானவர்களே, இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமானது.

2002 அக்டோபர் 5-ம் தேதி தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது சட்டமாகவும் ஆயிற்று. வற்புறுத்தி, ஆசைகாட்டி மதம் மாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை. பெண்கள், சிறுவர், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர் என்றால் நாலு வருஷம். மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆசைகாட்டுதல் என்றால் என்ன? வியாதிக்காரனுக்கு ஜெபிப்பதும் அதுதானா? நமக்குப் பயம் பிடித்தது. உபவாசம் இருந்தோம். நான் அதோடு நிற்கவில்லை, கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். அன்று நான் பரதேசி அல்ல, அரசியல் சாசனத்தின் 25-ம் பிரிவை மனப்பாடமாகச் சொல்லுகிற பாரதக் குடிமகன்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டுக்கு உள்ளே. எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே வரமாட்டார். என்னை 'பிரதர்' என்றே கூப்பிடுவார், நம்மவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிவிட்டது. அவரிடமும் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். "உங்க சாமிய நீங்க கும்பிடறதுக்கு எவன்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய மனைவியையும் கூப்பிட்டுப் போடவைத்தார். 2004-ல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நாம் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். சாருக்கு நான் நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை.

2013-ல் அவர் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருக்கோடியில் ஓடுகிற மழைநீர்க் கால்வாயை மண்ணும் கட்டட இடிபாடும் போட்டு மூடிக்கொண்டு வருகிறார்கள், தூர்வாரி அகலப்படுத்தச் சொல்லி நகராட்சிக்கு மனு. நாற்பது பேர் போட்டிருந்தார்கள். நான் சொன்ன பதில் ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க விசுவாசிங்க. இந்த லோக காரியங்கள்ல தலையிடறதில்ல. ஜெபம் பண்றேன்." அவர் 2002-ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்க பிரதர்" என்று தாளை மடித்துக்கொண்டு போனார். ஜெபம் பண்றேன் என்றேனே, அதையாவது செய்தேனா? இல்லை.

2015 டிசம்பர் 1-ம் தேதி மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டீர்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு கரைபுரண்டு, முடிச்சூரும் வரதராஜபுரமும் எங்கள் பகுதியும் தண்ணீருக்குள் போயின. எங்களுக்கு மாடி இருந்தது, சாருக்கு இல்லை. இருட்டில் அவரும் அவர் மனைவியும் இடுப்பளவு தண்ணீரில் வந்தார்கள். அந்த அம்மா தலைக்குமேல் ஒரு துணிமூட்டையைப் பிடித்திருந்தார்கள். உள்ளே சாமி படமும் விளக்கும். என் மனைவி அதை வாங்கி நம் பைபிள் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, "நனைஞ்சிடும்னு வெச்சேன், தப்பா?" என்று என் காதில் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது. நாலு நாள் ஒரே அறையில் மெழுகுவர்த்தி வைத்து, ஒரே பாத்திரத்தில் கஞ்சி குடித்தோம். அந்த மனு நிறைவேறியிருந்தாலும் 49 சென்டிமீட்டர் மழையை ஒரு தெருக்கால்வாய் தாங்கியிருக்காது. இதைச் சாரே சொன்னார். ஆனால் நான் கையெழுத்துப் போடாததற்கு அது நியாயமாகாது.

இதே போல இன்னொன்று. மதுபானம் நம் விசுவாசக் குடும்பங்களை எப்படி அரித்திருக்கிறது என்று சாட்சி நேரத்தில் வாரந்தோறும் கேட்கிறோம். ஆனால் 2015 ஜூலை 31-ல் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் அருகே மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் டவரில் ஏறிப் போராடி உயிரை விட்டவர் சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள். அத்தனை ஆலயங்கள் உள்ள மாவட்டம் அது.

அப்படியானால் ஊர்க் காரியத்தில் இறங்கலாம் என்று சொல்லுகிறேனா? இறங்கலாம். ஆனால் லோத்துவைப் போலவா, ஆபிரகாமைப் போலவா என்று பார்க்க வேண்டும். ஆதியாகமம் 13-லிருந்து 19 வரை ஒரே உட்காரலில் வாசித்துப் பாருங்கள். லோத்து செழிப்பைப் பார்த்துச் சோதோமின் பக்கம் போனான், கடைசியில் பட்டணத்து வாசலில், பெரிய மனுஷர் உட்காருகிற இடத்தில், உட்கார்ந்திருந்தான். ஆபிரகாமோ மம்ரேயில் கூடாரத்தில்தான் இருந்தான். ஆனால் சோதோமின் ஜனங்கள் சிறைப்பட்டபோது 318 பேரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போய் லோத்துவை மட்டுமல்ல, மற்ற ஜனங்களையும் மீட்டுக்கொண்டு வந்தான். சோதோமின் ராஜா பொருளை எடுத்துக்கொள் என்றபோது, செருப்பு வார்கூட வேண்டாம் என்றான். பிறகு அதே பட்டணத்துக்காக ஐம்பதிலிருந்து பத்து வரை இறங்கி இறங்கி தேவனிடத்தில் மன்றாடினான். கூடாரத்தில் இருந்தவன் யாருக்காகப் போனான், போய் எதை எடுத்துக்கொண்டான் என்பதைத்தான் நான் இப்போது திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அலபாமாவின் சகோதரன் மழையில் சுத்தியலோடு வந்தது ஆபிரகாமைப் போல. மறுநாள் காலையில் பேசினது எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னைப் பற்றிச் சொல்வதானால், 2002-ல் நான் எனக்காகப் போனேன், அது பாவமல்ல. பவுலும் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தப்பினார். 2013-ல் பிறனுக்காகப் போக வேண்டியிருந்தபோது கூடாரத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

இப்போது தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. வார்டுகளில் பகுதி சபை என்று கூட்டம் நடத்துகிறார்கள். பெயரே 'சபை', இதற்குமேல் நமக்கு என்ன அழைப்பு வேண்டும்! தம்பியின் கேள்விக்குப் பிறகு நானே ஒரு மனு எழுதினேன். அதே கால்வாய்தான், திரும்பவும் மண் சேர்ந்துவிட்டது. கேள்வி கேட்ட தம்பியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "எந்தக் கட்சி சார்பா வந்திருக்கீங்க?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். "கட்சி இல்லீங்க, எதிர் தெருவு" என்றான் தம்பி.

சாரும் அவர் மனைவியும் 2020-லேயே கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கே வீடு பூட்டிக்கிடக்கிறது. போன சனிக்கிழமை போன் பண்ணினேன். மனுவைப் பற்றிச் சொன்னேன். "முதல் கையெழுத்து யாருது பிரதர்?" என்றார். "என்னுதுதான் சார்" என்றேன். பிறகு, "சார், 2013-ல நீங்க ஒரு பேப்பர் கொண்டு வந்தீங்க..." என்று ஆரம்பித்தேன். தொண்டை அடைத்தது.

"அந்தப் பேப்பர் வெள்ளத்துலயே போயிடுச்சு பிரதர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வீடு இன்னும் என் பேர்லதான் இருக்கு. ரெண்டாவது இடத்தைக் காலியா விட்டுத் தபால்ல அனுப்புங்க. அவளும் போடுவா" என்றார்.

திங்கட்கிழமை காலையில் தாம்பரம் தபாலாபீஸில் சேர்த்தேன்.